ஆறாவது காம்பரா

செய்தியைச் சொன்னவன் முத்தையா. கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, அன்றைய முதல் தேத்தண்ணீரைக் கையில் எடுத்த நேரம் போன் வந்தது. "மொதலாளி, செல்லத்துரை அண்ணன் போயிட்டாருங்க," என்றான். எங்கே போய்விட்டான் என்று கேட்டேன். வயதாகிவிட்டால் இப்படித்தான், கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் வாயில் வந்துவிடுகிறது. "ஆஸ்பத்திரியிலதாங்க. விடியக்காலையில. புஷ்பம் அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க," என்றான். பிறகு அழுதான். ஒரு பெரிய ஆள் போனில் அழும்போது என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'இன்னாலில்லாஹி' என்று வாயில் தானாக வந்தது. தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.

பதுளை பஜாரில் ஆணியும் குழாயும் விற்கிற எனக்கு, இரங்கல் எழுதுவது பக்க வேலையாகிவிட்டது. யார் போனாலும் "நிஸாம் நானாகிட்டக் கேளுங்க, நல்லா எழுதுவாரு" என்று அனுப்பிவிடுகிறார்கள். நல்லா எழுதி என்ன? போனவர்கள் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, மழை விடுவதாக இல்லை, சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோகிறார்கள். இதையாவது எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் மடுல்சீமைப் பக்கம் அவனைப் பற்றி இப்போதே கதைகள் கிளம்பிவிட்டன. கனடாவில் பிளேன் ஓட்டினானாம். பெரிய இஞ்சினியராம். ஐயா, அவன் ஆணி அடித்தான். நானும் அவனோடு சேர்ந்து ஆணி அடித்தேன். அதைப் பார்த்தவன் இந்த மலையில் நான் ஒருவன்தான் மிச்சம் இருக்கிறேன்.

'அவர்' என்றுதான் எழுதவேண்டும். எழுதியும் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவன் மனைவி புஷ்பம் மன்னிக்கட்டும், எனக்கு அவன் அவன்தான்.

கலவரத்தில் பஜார் எரிந்த பிறகு ஊரை விட்டு வெளியேறியவர்களில் நாங்களும் உண்டு. நான் வாப்பாவின் கடைச் சாம்பலிலிருந்து போனேன். அவன் மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏற மறுக்கிற ஒரு தோட்டத்தின் மேல்லயத்திலிருந்து, ஒற்றை அறைகளாக ஒட்டிக் கட்டிய அந்த வரிசையின் ஆறாவது காம்பராவிலிருந்து வந்தான். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தது கனடாவில், விமானம் செய்யும் ஒரு பெரிய கம்பனியில். பெயர் வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் அவர்கள் செய்தது ஏதாவது ஒன்று போய்க்கொண்டிருக்கும். எங்களுக்குக் கிடைத்தது இறக்கைப் பகுதி. ஒருவன் வெளியே நின்று துப்பாக்கி மாதிரியான கருவியால் ரிவெட் ஆணியை அடிக்கவேண்டும். இன்னொருவன் இறக்கைக்குள் ஊர்ந்துபோய், ஆணியின் மறுமுனையில் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் ஒல்லி, உள்ளே போனான். நான் அப்போதே தொப்பை, வெளியே நின்றேன்.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் தட்டுத்தான் பாஷை. உள்ளே இருப்பவன் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால், இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு, கழற்று. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஒரு தகட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்ந்தோம். என் வீட்டில் என் மனைவியோடு பேசியதைவிட அவனோடு தட்டியது அதிகம். நான் எரிச்சலில் கொஞ்சம் அழுத்தி அடித்துவிட்டால் உடனே மூன்று தட்டு வரும். வெளியே வந்தபிறகு, "என்னாங்க நானா, வீட்டுல சண்டையா?" என்று கேட்பான். பெரும்பாலும் சண்டையாகத்தான் இருக்கும்.

அந்தக் கம்பனியில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் செல்லத்துரையைச் சொல்ல முடியாது. வேலை ஆயுதங்களை ஒரு பலகையில் மாட்டிவைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பாக வரைந்திருப்பார்கள். சுத்தியலை எடுத்தால் சுத்தியலின் நிழல் மட்டும் தெரியும். ஷிஃப்டு முடியும்போது எத்தனை ஆயுதம் இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. எங்கே நிழல் தெரிகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஒரு நிழல் தெரிந்தாலும் விமானம் நகராது, யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. ஏனென்றால் அந்தச் சாமான் இறக்கைக்குள் கிடந்தால், நாளைக்கு மேகத்துக்கு மேலே யாரோ ஒருவரின் பிள்ளைகுட்டிகளோடு விமானம் விழும்.

ஒருநாள் நல்லையா என்ற யாழ்ப்பாணத்து மனுஷன் கையில் இருந்த சின்ன ஸ்குரூடிரைவர் காணாமல் போனது. நல்லையா கெட்டவர் இல்லை. ஆனால் செல்லத்துரையைப் பார்த்தால் "உங்கட தோட்டத்து ஆக்கள்" என்று தொடங்காமல் பேசமாட்டார். எல்லோரும் தவழ்ந்து தேடினோம், சபித்துக்கொண்டே தேடினோம். செல்லத்துரை மட்டும் முணுமுணுக்காமல் இறக்கைக்குள் ஒவ்வொரு அறையாகப் போய் வந்தான். கடைசியில் நல்லையாவே எழுந்து, முகம் செத்துப்போய், "ஐயோ, என்ரை ஜக்கெற்றின்ரை கிழிசலுக்கைதான் கிடக்குது," என்றார். இப்போது வேலை போகும் என்று நினைத்தோம். மேற்பார்வையாளர் வந்து, சொன்னதற்கு நன்றி என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அன்று பஸ்ஸில் செல்லத்துரை தன் சட்டைப் பைகளை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "பிழையைச் சொன்னா ஏசாத எடம்னு ஒண்ணு இருக்கு பாத்தீங்களா நானா. எங்க தோட்டத்துல அப்படி ஒரு எடத்த நான் கண்டதே இல்லீங்க."

அவன் அந்தக் கம்பனியைக் கும்பிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சாப்பாட்டு மண்டபத்தில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். வெள்ளை விமானம், நீல வானம், நாங்கள் உலகத்தை ஒன்று சேர்க்கிறோம் என்ற வாசகம். அதன் கீழே உட்கார்ந்துதான் அவன் சோறு சாப்பிடுவான். மேல்லயத்தில் காம்பராவுக்கு ஒரு பெண் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலம் அது. அவன் அக்காவும் போயிருந்தாள். "எங்கக்கா போனதும் இதுலதான். அவ பிள்ள அம்மா முகம் தெரியாம வளர்றதும் இதாலதான். சேக்குதோ பிரிக்குதோ, நமக்கென்னா தெரியும்? ரிவெட்டு நல்லா இருக்கணும். அவ உள்ள உக்காந்திருப்பால்ல," என்பான். வேலியிட்ட இன்னொரு மண்டபத்தில் இராணுவத்துக்கும் ஏதோ செய்தார்கள். எங்களை அங்கே விட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நல்லையா மட்டும் அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வார். எங்கள் சம்பளம் இரண்டு மண்டபத்துக்கும் சேர்த்து ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் களைப்பாக இருக்கிறது.

அந்த நகரமே கம்பனியின் மூச்சில்தான் ஓடியது. சங்கு ஊதினால் தேநீர்க் கடை நிறையும், பாடசாலைக்கு வண்டி வரும். விமானம் வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்தியபோது எல்லாம் சோர்ந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. ஒரு திங்களன்று செல்லத்துரை, சட்டை மாட்டும் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாதி காலி. மேற்பார்வையாளரிடம் போய்த் தன் உடைந்த இங்கிலீஷில் கேட்டான். அவன் கேட்டதை எனக்குத் தமிழில் திரும்பச் சொன்னது இப்படி: "ஒரு ஸ்குரூடிரைவரைக் காணோம்னு ஒருத்தரையும் வீட்டுக்கு விடல. இப்ப பாதி ஆளையே காணோம், தேட வேணாமான்னு கேட்டேன் நானா. பாவம் அந்தாளு. அடுத்த வெள்ளிக்கிழமை அவரையே கூப்புட்டுட்டாங்க." அதற்கடுத்த வெள்ளி எங்களுடையது. ஒரு தகட்டின் இருபக்கமும் இருந்தவர்களை ஒரே நாளில் அனுப்பினார்கள். அந்த மட்டில் நியாயம்தான்.

நான் பதுளைக்கு வந்து கடையைப் பிடித்தேன். அவன் மேல்லயத்துக்குத் திரும்பினான். டவுனில் ஒரு வீடு எடு, வயதான காலத்தில் அந்தக் குளிரும் ஏற்றமும் எதற்கு என்று எவ்வளவோ சொன்னேன். மனைவி புஷ்பம் கேட்கவில்லை. அவள் அவனோடு கனடாவுக்கும் போகாதவள். "பனிக்குள்ள வந்து நான் என்னா செய்ய? அங்க பறிக்கக் கொழுந்து இருக்கா?" என்று கேட்டுத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவள். பிள்ளை இல்லை. ஆறாவது காம்பராவில் மாமியாரைக் கடைசிவரை பார்த்து அனுப்பியதும் அவள்தான். அவள் இருக்கும் இடத்துக்கு அவன் வந்தான், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை கீழே இறங்கி என் கடைக்கு வருவான். கல்லாப்பட்டறை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, என் கடையின் ஒழுங்கீனத்தைப் பற்றி ஏசிவிட்டுப் போவான்.

அவன் வந்த இரண்டாவது மாரியில் மேல்லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், சிவப்புச் சாயத்தில் அடையாளம் போட்டார்கள். பெரிய மழை பெய்தால் கீழே பாடசாலைக்கு இறங்குங்கள், வேறு காணி தருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காணி வரவில்லை. அன்றிலிருந்து செல்லத்துரையின் மண்டையில் ஒரே விஷயம்தான். மேல்லயத்து ஆட்கள் ஒருவர் விடாமல் உயிரோடு கீழே இறங்கவேண்டும், திரும்ப மேலே ஏறாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். அதை விட்டு வேறு பேச்சே அவனிடம் இல்லாமல் போயிற்று. எனக்கே சலித்துப்போய், "வேற ஏதாவது பேசு மனுஷா," என்று கத்தியிருக்கிறேன்.

ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனான். தோட்டத்தை நடத்தும் தொரை இளவயது, நல்ல பையன், கதிரை தந்து உட்காரச் சொன்னார். செல்லத்துரை சொன்னான்: "சார், நாங்க வேல செஞ்ச எடத்துல எறக்கையில முடியளவு கீறல் இருந்தாலும் பிளேனப் பறக்க விடமாட்டோம். இங்க கை போற அளவுக்கு வெடிச்சிருக்கு. அதுக்குக் கீழ குடும்பம் குடும்பமாத் தூங்குறாங்க." தொரை சிரித்தார். லயம் ஒன்றும் பறக்கப்போவதில்லையே என்றார். செல்லத்துரையும் சிரித்தான். "பறக்கும் சார், ஒரு நாளைக்கு. கீழ பாத்து," என்றான். தொரைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார், எழுதியும் இருப்பார். மேலிடம் எப்போதும் மழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இனி முத்தையா. கடைசிக் காம்பராக்காரன். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவன் இல்லை, கொழும்பில் மூட்டை தூக்குவான், நினைத்தபோது வருவான், வந்தால் குடிப்பான். செல்லத்துரை மலை ஊற்றுப் பீலியிலிருந்து தன் செலவில் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்தான், குழாய் என் கடையில்தான் வாங்கினான். முத்தையா ஒருநாள் போதையில் அதை வெட்டிவிட்டான். கேட்டதற்கு, "பிளேன் ஓட்டுனவருக்குத்தான் வானத்துலேருந்து தண்ணி வருமே," என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறான். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை. செல்லத்துரைக்குக் கோபம் வந்தால் இலேசில் போகாது. முத்தையா எதிரே வந்தால் தேயிலைக்குள் இறங்கி நடப்பான்.

அந்த மழை நாளன்று நான் மேலே இருந்தேன். கடைக்குப் போன் பண்ணி, பாய் வேண்டும், தறப்பாள் வேண்டும், சனம் இறங்குது என்று சொன்னான். ஒரு ஜீப்பைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனேன். பகல்தான், ஆனாலும் மேகம் இறங்கி லைட் போட்டிருந்தார்கள். பாடசாலை மண்டபத்தில் மேல்லயத்து ஆட்கள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி நடுவில் நின்று பெயர் கூப்பிட்டார். அவருக்குப் பட்டியல் எதுவும் வேண்டாம். தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எந்த வரிசையில் கூப்பிடுவாரோ, அந்த வரிசை வாயிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. வேலைக்காரர்கள், அவர்களின் பிள்ளைகள், பெற்றவர்கள், எல்லோரும் வந்தாகிவிட்டது. "பெரட்டு சரிங்க, ஆளு குறையல," என்றார் கங்காணி. கிராம சேவகர் பெருமூச்சு விட்டார். பாணும் பருப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், பசியில் தின்றேன்.

செல்லத்துரை தின்னவில்லை. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கங்காணியிடம், "அண்ணே, நீங்க இருக்கிற ஆளக் கூப்புடுறீங்க. கதவக் கூப்புடுங்க," என்றான். கங்காணிக்கு விளங்கவில்லை. அவனே கூப்பிட்டான். முதலாம் காம்பரா. வந்துட்டோம். இரண்டாம் காம்பரா. வந்துட்டோம்ங்க. இப்படிக் கதவு கதவாகப் போய்க் கடைசிக் காம்பரா என்றான். பதில் இல்லை. "அது பூட்டிக் கெடக்கு, அவன் கொழும்புலல்ல," என்றார்கள். "அவன் பேரு பெரட்டுலயே இல்லையே," என்றார் கங்காணி, அதுவே போதும் என்பதுபோல. செல்லத்துரை சொன்னான்: "காலையில எறங்கையில பாத்தேன். கதவுல பூட்டக் காணோம்."

மழை கொஞ்சம் விட்டதும் போய்ப் பார்க்கலாம் என்றார் கிராம சேவகர். அது நியாயமான பேச்சு, மேலே மண் இளகி ஓடிக்கொண்டிருந்தது. நானும் அவன் சட்டையைப் பிடித்தேன். "குழாயை வெட்டினவனுக்காகவா?" என்று கேட்டேன். கையை விலக்கிவிட்டு, "பலகையில ஒரு நெழல் தெரியுது நானா. யாரும் வீட்டுக்குப் போகமுடியாது," என்றான். பிறகு நடந்தான். இரண்டு மூன்று இளந்தாரிகள் பின்னால் ஓடினார்கள். நான் என் முழங்காலோடு பாதி ஏற்றம் வரை போய், ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து லயம் தெரியும். அவன் தகரக் கதவில் தட்டுவது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு உள்ளேயிருந்து வந்தது. மூன்று தட்டு. முத்தையாவுக்கு எங்கள் பாஷை எங்கே தெரியப்போகிறது? காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தவன், கைக்கு எட்டிய தகரத்தை அடித்திருக்கிறான். ஆனால் எனக்குக் கெட்டுப்போச்சு, கழற்று என்றுதான் கேட்டது. செல்லத்துரை கதவை உதைத்துத் திறந்தான். கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கடக்கும்போது அவன் மூச்சிரைக்க, "குடிக்கல நானா இவன். நெருப்பாக் கொதிக்குது," என்றான், ஏதோ முத்தையாவின் மானத்தைக் காப்பாற்றுவதுபோல.

மறுநாள் விடிந்து பார்த்தபோது கடைசிக் காம்பராவிலிருந்து ஆறாவது வரை லயம் இல்லை. செம்மண்தான் இருந்தது. புஷ்பத்தின் சாமி படம், மாமியாரின் அம்மி, அவன் கனடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டி எல்லாம் அதற்குள். ஆட்கள் வந்து அவன் கையைப் பிடித்து அழுதார்கள், தெய்வம் என்றார்கள். அவனுக்கு அது பிடிக்கவே இல்லை. "நான் ஒண்ணும் செய்யலீங்க. எண்ணுனேன், அவ்வளவுதான்," என்றான். அன்று தொடங்கிய இருமல் பிறகு நிற்கவில்லை.

பாடசாலை திறக்கவேண்டும் என்று அவர்களைப் பழைய ஸ்டோருக்கு மாற்றினார்கள். மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலைதான் அது. சேலையும் தறப்பாளும் கட்டி இடம் பிரித்தார்கள். யாரும் சொல்லாமலே லயத்தில் இருந்த அதே வரிசையில் பிரித்துக்கொண்டார்கள், தறப்பாளுக்குப் பின்னால் இருந்தாலும் அது ஆறாவது காம்பராதான். கொஞ்ச நாளில் வருவதாகச் சொன்ன காணி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஈரச் சீமெந்தில் படுத்துப் படுத்து அவன் நெஞ்சு இன்னும் மோசமானது. என் வீட்டுக்கு வா என்று கெஞ்சினேன். "எல்லாரும் எறங்கின பெறகு வாறேன்," என்பான். இறங்கித்தானே இருக்கிறார்கள் என்றால், "இது எறக்கம் இல்ல நானா, நடுவுல நிக்கிறது," என்பான்.

பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்த மாலையில் அவனுக்குப் பேச மூச்சுப் போதவில்லை. ஆனாலும் கேட்டான்: "மழை பெய்யுது. மேல யாராச்சும் திரும்பிப் போனாங்களா?" சிலர் மிஞ்சிய காம்பராக்களுக்குத் திரும்பத்தான் பார்த்தார்கள், முத்தையா வாசலில் நின்று தடுத்து, மழை பெய்தால் கதவு கதவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறான் என்று சொன்னேன். செல்லத்துரை சிரித்தான். "அவனா? அவனுக்கு எண்ணத் தெரியுமா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "குடிக்கிறானா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மை. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் இரண்டு முறை தட்டினான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சவப்பெட்டியைப் பழைய ஸ்டோரில்தான் வைத்தார்கள், ஆறாவது காம்பராவின் தறப்பாளை அவிழ்த்துவிட்டு. பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தப்பு மேளம் அடித்தார்கள். தொரையும் வந்தார், அவருக்கும் கண் கலங்கியிருந்ததைப் பொய்யென்று சொல்லமாட்டேன். மூடும் நேரம் என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். சுற்றி நின்றவர்கள் அது எங்கள் மார்க்கத்து வழக்கம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மேலே இடுகாட்டில் புதைத்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓட்டமும் நடையுமாக ஸ்டோருக்குள் வந்து சேர்ந்தோம். முத்தையா வாசலில் நின்றான். பெட்டி தூக்கிய தோளில் மண்ணோடு, யாரையும் பார்க்காமல், வழக்கம்போலக் கூப்பிடத் தொடங்கினான். முதலாம் காம்பரா. வந்துட்டோம். இரண்டாம் காம்பரா. வந்துட்டோம். வேலை மாதிரிச் செய்தான். ஆறாவது காம்பரா என்றான். புஷ்பம் தலையைத் துவட்டாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டேன் தம்பி," என்றாள். முத்தையா அடுத்த கதவுக்குப் போகவில்லை. வெளியே மழையைப் பார்த்தான். "ஒரு ஆளு குறையுதே அக்கா," என்றான். பழக்கத்தில்தான் சொன்னான், சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. "அவரு மேலதான் இருக்காரு தம்பி," என்றாள் புஷ்பம். அவன் அப்படியே மழையில் இறங்கினான். இளந்தாரிகள் பின்னால் போய்ச் இடுகாட்டுப் பாதையில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவனை உட்காரவைத்து, கங்காணி மிச்சக் கதவுகளைக் கூப்பிட்டு முடித்தார்.

அவனை அறிந்தவர்களே, அவன் நினைவாகச் சிலை வேண்டாம், மண்டபத்துக்குப் பெயர் வேண்டாம். அந்தக் காணியை வாங்கிக் கொடுக்க யாருக்காவது கை எட்டினால் எட்டட்டும். எனக்கு இனி ஆபீஸ் ஏறி இறங்கத் தெம்பு இல்லை. அவனிடமிருந்து நான் வைத்திருப்பது மிகச் சின்ன விஷயம். பதுளையில் மழை கனத்தால் கடையிலிருந்து முத்தையாவுக்குப் போன் எடுக்கிறேன். எல்லாரும் இருக்காங்களா என்று கேட்பதில்லை, அப்படிக் கேட்டால் யாரும் ஆமாங்க என்றுதான் சொல்வார்கள். கதவு கதவாகக் கேட்கிறேன். முதலாம் காம்பரா, இருக்காங்க மொதலாளி. இரண்டாம் காம்பரா, இருக்காங்க. ஆறாவது காம்பரா என்று கேட்டால், "அக்கா இருக்காங்க," என்கிறான். அங்கே அவன் கொஞ்சம் நிற்கிறான். இங்கே நானும் கொஞ்சம் நிற்கிறேன். அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்கும். பிறகு இருவரும் ஏழாவது காம்பராவுக்குப் போகிறோம்.